பிளாஸ்டிக் பற்சக்கரம் வடிவமைத்தல்: படிகளின் வரிசையும் வழக்கமான தவறுகளும்

இயந்திரங்களில் உலோகப் பற்சக்கரத்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பற்சக்கரத்தைப் பொருத்த முனைபவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். எஃகுச் சக்கரத்தின் வரைபடத்தை எடுத்து, பொருள் என்ற கட்டத்தில் ‘எஃகு’ என்பதை அழித்து ‘நைலான்’ என்று எழுதிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அறை வெப்பநிலையில் சுமையின்றி ஓட்டிப் பார்க்கும்போது அந்தச் சக்கரம் நன்றாகவே சுழலும். சுமையேற்றிச் சில மணி நேரம் ஓடிய பிறகுதான் கோளாறு தலைகாட்டும்.

எஃகுச் சக்கரத்தில் வெப்பநிலை என்பது கடைசியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளும் எண். பிளாஸ்டிக் சக்கரத்திலோ வலிமை, விறைப்பு, அளவு, தேய்மானம் ஆகிய நான்கும் அந்த ஓர் எண்ணைத் தொடர்ந்தே மாறுகின்றன. ஆகவே கீழுள்ள படிகளின் வரிசை உலோகச் சக்கரத்துக்குப் பழகிய வரிசையிலிருந்து வேறுபடும்.

எண்கள் பேசினால்தான் புரியும் என்பதால், ஓர் எடுத்துக்காட்டை இறுதிவரை கொண்டுசெல்கிறேன். மாட்யூல் (பற்கள் பொருந்தும் இடைவட்டத்தின் விட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தது, அதாவது பல்லின் அளவு) 1 மி.மீ., அழுத்தக் கோணம் (பற்கள் ஒன்றையொன்று தள்ளும் விசையின் சாய்வு) 20 டிகிரி, பல் அகலம் 10 மி.மீ. கொண்ட நேர்ப்பல் இணை அது. 20 பற்களுள்ள எஃகுப் பினியன் (இணையின் சிறிய சக்கரம்), 60 பற்களுள்ள பிளாஸ்டிக் சக்கரத்தை ஓட்டுகிறது. மைய தூரம் 40 மி.மீ., சக்கரங்களைத் தாங்கும் கூடு அலுமினியம், பினியன் தண்டில் 0.5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, வேகம் நிமிடத்துக்கு 600 சுற்று.

1. தொடங்கும் முன் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

முதலில் சுமைப் பட்டியல். மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள முறுக்குவிசை மட்டும் போதாது. இயந்திரம் சிக்கி நின்றுவிட்டால் மோட்டார் தரும் உச்ச முறுக்குவிசை, திசை மாறும் சுழற்சிகள், ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் ஓடும் என்ற விகிதம் ஆகியவையும் வேண்டும். உச்ச விசை ஒரே ஒரு முறை வந்தாலும் பல்லை வேரோடு முறிக்கக்கூடும். ஓடும் நிமிடங்களின் விகிதமோ பல் எவ்வளவு சூடேறும் என்பதைத் தீர்மானிக்கிறது.

அடுத்து சூழல். கூட்டுக்குள் நிலவும் மிகக் குறைந்த, மிக உயர்ந்த வெப்பநிலை, ஈரப்பதம், தெறிக்கும் எண்ணெய், கழுவும் திரவம், தூசு ஆகிய ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள். அறையின் வெப்பநிலையைக் கூட்டின் உள்வெப்பநிலையாக எடுத்துக்கொள்வது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அருகிலேயே மோட்டார் இருந்தால் கூட்டின் உட்புறம் வெளியைவிட 20, 30 டிகிரி கூடுதலாக இருப்பது சாதாரணம். எடுத்துக்காட்டில் உள்வெப்பநிலை கழித்தல் 10 டிகிரி முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை என்று கொள்வோம்.

மூன்றாவது, பொருளின் வெப்பநிலை வாரியான தரவு. ஒரே ஒரு பக்கத் தரவுத் தாளில் 23 டிகிரிக்கான எண்கள் மட்டுமே இருக்கும். மீட்சிக் குணகம் வெப்பநிலையோடு எப்படிக் குறைகிறது, அயர்வு வலிமை சுழற்சி எண்ணிக்கையோடு எப்படிக் குறைகிறது என்ற வளைகோடுகளைப் பொருள் தருபவரிடம் கேட்டு வாங்காமல் ஐந்தாம் படியை எட்ட முடியாது.

2. எதிர்ச் சக்கரத்தை முதலில் முடிவு செய்தல்

எதனோடு பொருந்திச் சுழலப் போகிறது என்பது தெரியாமல் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. உராய்வும் தேய்மானமும் ஒரு பொருளுக்கு மட்டும் உரியவை அல்ல, இணைக்கு உரியவை.

வெப்பம்தான் இங்கே முதல் காரணம். நைலானைப்போலவே பற்சக்கரங்களுக்குப் பயன்படும் பிளாஸ்டிக்கான அசிட்டாலின் வெப்பக் கடத்துதிறன் எஃகினுடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பல்லின் பக்கத்தில் உண்டாகும் வெப்பம் பிளாஸ்டிக்கின் உள்ளே இறங்காமல் மேற்பரப்பிலேயே தங்கிவிடும். எதிர்ச் சக்கரம் எஃகாக இருந்தால் அந்த வெப்பம் அதன் வழியே தண்டுக்கும் கூட்டுக்கும் வெளியேறுகிறது. இரண்டும் பிளாஸ்டிக்காக இருந்தால் அதற்கு வழியில்லை. தொடர்ந்து ஓடும், சுமை தாங்கும் இணைக்கு எஃகும் பிளாஸ்டிக்கும் கலந்த இணையை நான் பரிந்துரைப்பது இதனால்தான்.

எந்தச் சக்கரம் எஃகாக இருக்க வேண்டும்? சிறியது. பினியனின் ஒவ்வொரு பல்லும் பெரிய சக்கரத்தின் பல்லைவிட அதிக முறை, நம் எடுத்துக்காட்டில் மும்மடங்கு, சுமையேற்கிறது. அதன் வேரும் மெலிந்தது.

எஃகுப் பல்லின் மேற்பரப்பைக் கவனிக்காமல் விடுவதும் வழக்கம். வெட்டிய தடங்கள் அப்படியே இருக்கும் பினியன், பிளாஸ்டிக் பல்லை அரம்போல் ராவித் தள்ளும். பக்கங்களின் சராசரிச் சொரசொரப்பு 0.8 மைக்ரோமீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பினியனின் அகலத்தைப் பிளாஸ்டிக் சக்கரத்தின் அகலத்தைவிடச் சற்றுக் கூட்டியே வையுங்கள். குறுகலாக இருந்தால் அது பிளாஸ்டிக் பல்லில் படிபோல் ஒரு பள்ளத்தைத் தேய்த்துவிடும், பிறகு தண்டு அச்சுத் திசையில் சிறிது நகர்ந்தாலே அந்தப் படியின் விளிம்பு இடிக்கும்.

இரண்டும் பிளாஸ்டிக்காகத்தான் இருந்தாக வேண்டும் என்றால், ஒரே பொருளை இரண்டுக்கும் இடாதீர்கள். அசிட்டாலோடு அசிட்டால் உராயும்போது கீச்சொலி எழும், தேய்மானமும் விரைவாகும். அசிட்டாலும் நைலானும் சேர்ந்த இணை நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் நல்ல தேர்வு.

3. பொருளைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலான வேலைகளுக்குத் தேர்வு அசிட்டாலுக்கும் நைலானுக்கும் இடையில்தான். அசிட்டால் ஈரத்தை மிகக் குறைவாகவே உறிஞ்சும் என்பதால் அதன் அளவு நிலையாக இருக்கும், உராய்வும் குறைவு. நைலான் அதிர்ச்சியை நன்றாகத் தாங்கும், ஆனால் நீரைக் குடிக்கும். நைலான் 66 சாதாரண ஈரப்பதத்தில் தன் எடையில் சுமார் 2.5 விழுக்காடும், நீரில் ஊறினால் 8.5 விழுக்காடு வரையும் நீரை ஏற்றுக்கொள்கிறது. 2.5 விழுக்காடு ஏறிய நிலையில் நீள அளவுகள் ஏறத்தாழ 0.6 விழுக்காடு கூடும், விறைப்பு உலர்ந்த நிலையில் இருந்ததில் பாதியாகும். நைலானின் தரவுத் தாளில் ‘உலர்நிலை’ என்ற பத்தியிலிருந்து எண்ணை எடுத்துக் கணக்குப் போடுபவர்கள் இல்லாத ஒரு பொருளை வைத்து வடிவமைக்கிறார்கள்.

கூட்டின் உள்ளே 120 டிகிரிக்கு மேல் தொடர்ந்து நிலவினால் இவ்விரண்டையும் விட்டு நைலான் 46, பி.பி.எஸ்., பீக் ஆகிய வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்குகளின் பக்கம் போக வேண்டும். விறைப்பு வேகமாகக் குறையத் தொடங்கும் கண்ணாடி நிலை மாற்றத்தைப் பீக் 143 டிகிரியில்தான் காணும். விலையும் அதற்கேற்ப ஏறும்.

கண்ணாடி இழை சேர்த்தால் விறைப்பு கூடும் என்பதற்காக அவசரப்பட்டு அதைச் சேர்க்க வேண்டாம். இழைகளின் நுனிகள் எதிர்ப் பல்லைத் தேய்க்கும்; எதிர்ச் சக்கரம் பிளாஸ்டிக்காகவோ கடினப்படுத்தாத எஃகாகவோ இருந்தால் அதுதான் முதலில் பாழாகும். இழை எந்தத் திசையில் படிந்ததோ அந்தத் திசையில் சுருக்கம் குறைவு, குறுக்கே அதிகம் என்பதால் வட்டமும் கெடும். விறைப்பு உண்மையாகவே தேவைப்பட்டால் மட்டும் சேர்த்து, எஃகுப் பினியனைக் கடினப்படுத்திவிடுங்கள்.

மசகையும் இதே படியில் முடிவு செய்ய வேண்டும். அசிட்டாலுக்கும் நைலானுக்கும் பொருத்தும்போது ஒருமுறை இடும் கிரீஸே உராய்வையும் அதனால் எழும் வெப்பத்தையும் பெரிதும் குறைக்கும். கிரீஸ் கூடாத இடங்களில் உராய்வைக் குறைக்கும் பி.டி.எஃப்.இ. அல்லது சிலிக்கோன் கலந்த பிளாஸ்டிக் வகைகள் உண்டு. பாலிகார்பனேட்டைப் பற்சக்கரத்துக்கு எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பல வகை எண்ணெய்களும் கிரீஸ்களும் பட்டால், சுமையில் இருக்கும் பாலிகார்பனேட் வெடித்துக் கீறும். நைலான் 6, நைலான் 66 ஆகியவற்றில் துத்தநாகக் குளோரைடும் கால்சியம் குளோரைடும் அதே வேலையைச் செய்யும்.

4. பல்லின் வடிவம்

அச்சில் வார்க்கும் சக்கரத்தின் பல்லை எந்த ஹாப் கருவியும் வெட்டுவதில்லை. ஆகையால் கருவிக்கேற்ற தர வடிவத்தில் கட்டுண்டு கிடக்க வேண்டிய தேவையும் இல்லை. இந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

வேரிலிருந்து தொடங்குங்கள். பிளாஸ்டிக் பல் பெரும்பாலும் வேரில்தான் கீறும், கூர்மூலை அந்தக் கீறலை வரவேற்கும். ஐ.எஸ்.ஓ. 53 தரத்தின் அடிப்படைப் பல்லில் வேர் வளைவின் ஆரம் மாட்யூலின் 0.38 மடங்கு. வார்க்கும் சக்கரத்தில் இரு பற்களுக்கு இடையிலுள்ள அடியை முழுவதும் ஒரே வில்லாக வளைத்துவிடலாம், செலவு கூடாது. பிளாஸ்டிக் பற்சக்கரங்களுக்கென்றே வந்த ஏ.ஜி.எம்.ஏ. 1006 தரமும் முழு வளைவு வேரையே காட்டுகிறது.

அடுத்து பல்லின் தடிமனைப் பங்கிடுதல். மாட்யூல் 1 என்றால் பல்லின் தடிமனும் அடுத்த இடைவெளியும் இடைவட்டத்தில் தலைக்கு 1.57 மி.மீ. என்று சமமாகப் பிரிகின்றன. எஃகுக்கு இவ்வளவு தடிமன் தேவையில்லை. எஃகுப் பல்லை 0.2 மி.மீ. மெலிதாக்கி அதைப் பிளாஸ்டிக் பல்லுக்குக் கொடுத்தால், மைய தூரம் மாறாமலே பலவீனமான பல் தடிக்கிறது. வளைவுத் தகைவு தடிமனின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பதால் இந்தச் சிறு மாற்றத்தின் பயன் பெரிது.

பற்கள் 17-க்குக் குறைந்தால் 20 டிகிரி அழுத்தக் கோணத்தில் வேர் உட்குடையும், அதாவது உள்ளே அரிபட்டு மெலியும். பற்களின் எண்ணிக்கையை 17-இலிருந்து கழித்து, வருவதை 17-ஆல் வகுத்தால், பல்லின் வடிவத்தை மாட்யூலின் எத்தனை மடங்கு வெளியே தள்ள வேண்டும் என்று சொல்லும் வடிவ நகர்வுக் குணகம் கிடைக்கும். 12 பற்களுக்கு அது 0.29. எஃகிலும் இதே விதிதான். உட்குடைவைப் பிளாஸ்டிக் மன்னிக்காது என்பதே வேறுபாடு.

இறுதியாக முனைத் தளர்வு. அசிட்டாலின் மீட்சிக் குணகம் சுமார் 3 கிகாபாஸ்கல், எஃகினுடையது 206. ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்கு. சுமையில் பிளாஸ்டிக் பல் கண்ணுக்குத் தெரியாமல் வளைகிறது. அதனால் அடுத்த பல் வர வேண்டிய இடத்துக்கு முன்பே வந்து, தன் முனையால் எதிர்ப் பல்லின் பக்கத்தைச் சுரண்டுகிறது. கணக்கிட்ட வளைவின் அளவுக்கு முனையைச் சற்றே உள்வாங்கிச் சீவினால் இந்த மோதல் நிற்கும், ஓசையும் தணியும்.

5. வேலை வெப்பநிலையில் வலிமையைக் கணித்தல்

பல்லின் மேல் விழும் தொடுகோட்டு விசை, முறுக்குவிசையை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். பினியனின் ஆரம் 10 மி.மீ. என்பதால் விசை 50 நியூட்டன். பல் வேரின் வளைவுத் தகைவைத் தரும் லூயிஸ் சூத்திரப்படி இந்த விசையைப் பல் அகலம், மாட்யூல், வடிவக் குணகம் ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். 60 பற்களுக்கு வடிவக் குணகம் 0.42. எனவே வளைவுத் தகைவு 50-ஐ 4.2-ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 12 மெகாபாஸ்கல்.

தரவுத் தாளில் அசிட்டாலின் இழுவலிமை 65 மெகாபாஸ்கல் என்று இருக்கும். ஐந்து மடங்கு பாதுகாப்பு என்று மகிழ்ந்து அடுத்த வேலைக்குப் போய்விடுவதுதான் நான் மிக அதிகமாகக் கண்ட தவறு. 65 என்பது 23 டிகிரியில், ஒரே ஒரு முறை, மெதுவாக இழுத்துப் பெற்ற எண். நம் சக்கரமோ நிமிடத்துக்கு 200 முறை சுழல்கிறது. ஏறத்தாழ 830 மணி நேரத்தில் ஒவ்வொரு பல்லும் ஒரு கோடி முறை வளைந்திருக்கும். பல்லின் வெப்பநிலை 80 டிகிரி என்றால், ஒரு கோடி சுழற்சிக்கு அசிட்டாலின் வேர் வலிமை சுமார் 25 மெகாபாஸ்கலுக்கு இறங்கிவிடும். தொடர்ந்து ஓடும் சக்கரத்துக்கு 2 என்ற பாதுகாப்பு எண்ணை வைத்தால், ஏற்கத்தக்க தகைவு 12.5. ஐந்து மடங்கு என்று தோன்றிய பாதுகாப்பில் மிச்சம் எதுவும் இல்லை.

அதோடு முடியவில்லை. கூட்டின் உட்புறம் 80 டிகிரி என்றால் பல் அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். இந்த இணை கடத்தும் திறன் 31 வாட். பற்களின் உராய்வில் 3 விழுக்காடு போனாலும் ஏறத்தாழ 1 வாட் வெப்பம் அந்த மெல்லிய பக்கங்களில் பிறக்கிறது. வெப்பத்தைக் கடத்தாத பொருளில் இது சிறிய எண் அல்ல. ஜெர்மனியின் வி.டி.ஐ. 2736 வழிகாட்டு நெறியில் உராய்வு, வேகம், ஓடும் நேர விகிதம், கூடு மூடியதா திறந்ததா ஆகியவற்றைக் கொண்டு பல்லின் வெப்பநிலையை மதிப்பிடும் முறை இருக்கிறது. அதைக் கொண்டு வெப்பநிலையைக் கண்டபின் வலிமையை அந்த வெப்பநிலைக்கு மறுபடியும் எடுத்துக் கணியுங்கள். நம் எடுத்துக்காட்டில் தீர்வு எளிது: பல் அகலத்தைக் கூட்டுவது, நான்காம் படியில் சொன்ன தடிமன் பங்கீட்டைச் செய்வது, கிரீஸ் இடுவது.

இரு சக்கரங்களுக்கு நடுவே நின்று சுழற்சியைக் கடத்தும் இடைச்சக்கரமாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பல் இரு புறமும் வளைகிறது. ஏற்கத்தக்க தகைவை அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

சிக்கி நிற்கும் நிலையைத் தனியே கணியுங்கள். மோட்டார் மும்மடங்கு முறுக்குவிசை தந்தால் தகைவு 36 மெகாபாஸ்கல். ஒரு நொடி அப்படி நின்றால் பல் தாங்கக்கூடும். சூடான நிலையில், ஒரே பல்லின் மேல், பாதுகாப்பு சுவிட்ச் துண்டிக்கும் வரை பல நிமிடங்கள் நின்றால் பல் முறியாமலே மெல்ல மெல்லத் தவழ்ந்து கோணிவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டல் ஒலி கேட்கும். எங்கிருந்து வருகிறது என்று பேரிங்கைக் கழற்றிப் பார்ப்பார்கள்.

6. மைய தூரமும் பேக்லாஷும்

என்னிடம் வந்த பழுதான பிளாஸ்டிக் இணைகளில் பெரும்பாலானவற்றின் வேர்க்காரணம் இந்தப் படியில்தான் இருந்தது. பற்களுக்கிடையே விடும் தளர்ச்சியான பேக்லாஷை எஃகுக்குரிய அட்டவணையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அந்த அட்டவணை, சக்கரமும் கூடும் ஏறத்தாழ ஒன்றாக விரியும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது.

விரிவுக் குணகங்களைப் பாருங்கள். ஒரு டிகிரிக்கு எஃகு பத்து லட்சத்தில் சுமார் 11.5 பங்கு, அலுமினியம் 23, அசிட்டால் சுமார் 110. வெப்பநிலை 20 டிகிரியிலிருந்து 80-க்கு, அதாவது 60 டிகிரி, ஏறும்போது 30 மி.மீ. ஆரமுள்ள அசிட்டால் சக்கரம் 0.198 மி.மீ. வளர்கிறது. எஃகுப் பினியனின் ஆரம் 0.007 மி.மீ. கூடுகிறது. கூட்டின் 40 மி.மீ. மைய தூரமோ 0.055 மி.மீ. மட்டுமே விலகுகிறது. ஆக, சக்கரங்கள் ஒன்றையொன்று 0.150 மி.மீ. நெருங்குகின்றன.

நெருங்கும் தூரத்தை இரண்டாலும் அழுத்தக் கோணத்தின் டேன்ஜெண்டாலும் பெருக்கினால், இழக்கும் பேக்லாஷ் கிடைக்கும்: இரண்டு பெருக்கல் 0.150 பெருக்கல் 0.364, அதாவது 0.109 மி.மீ. எஃகு இணைக்குப் பழக்கத்தில் 0.05 மி.மீ. விட்டிருந்தால் 80 டிகிரியை எட்டும் முன்பே பற்கள் இரு புறமும் இறுகிவிடும். இறுகினால் உராய்வு கூடும், உராய்வு கூடினால் வெப்பம் ஏறும், வெப்பம் ஏறினால் சக்கரம் இன்னும் விரியும். இந்தச் சுழல் தொடங்கிவிட்டால் பல் உருகும்வரை தானாக நிற்காது.

பேக்லாஷை மட்டும் பார்த்துவிட்டு முனை இடைவெளியை மறந்துவிடுகிறார்கள். தர வடிவத்தில் ஒரு சக்கரத்தின் பல் முனைக்கும் மற்றதன் வேருக்கும் இடையில் 0.25 மாட்யூல், நம் இணையில் 0.25 மி.மீ., இருக்கும். அதே 60 டிகிரி ஏற்றத்தில் 31 மி.மீ. முனை ஆரம் 0.205 மி.மீ. வளர்வதால், கூட்டின் விலகலைக் கழித்த பிறகும் சுமார் 0.155 மி.மீ. இழக்கிறோம். மிஞ்சுவது 0.095 மி.மீ. இதிலிருந்துதான் சக்கரத்தின் ஓட்டக்கோட்டம் (சுழலும்போது மையம் விலகி ஆடுவது), பேரிங்கின் தளர்ச்சி, கூட்டின் துளை அளவுப் பிழை எல்லாவற்றையும் கழிக்க வேண்டும்.

நைலான் 66 என்றால் ஈரத்தின் பங்கையும் சேர்க்க வேண்டும். 0.6 விழுக்காடு வீக்கம் 31 மி.மீ. ஆரத்தில் 0.186 மி.மீ. ஆகிறது. சூடான சக்கரம் உலர்ந்துவிடுமே, வெப்பமும் ஈரமும் ஒன்றாக எப்படி வரும் என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் வெப்பம் சில மணி நேரத்தில் ஏறிவிடும், ஈரமோ தடித்த சக்கரத்திலிருந்து வெளியேற நாட்களும் வாரங்களும் எடுக்கும். ஈரமான இடத்தில் மாதக்கணக்கில் நின்றிருந்த இயந்திரத்தை ஓட்டத் தொடங்கும் முதல் நாளில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. நைலானின் விரிவுக் குணகத்தை 90 என்று எடுத்தால் இரண்டும் சேர்ந்து 0.30 மி.மீ. கேட்கும், இருப்பதோ 0.25. பல் முனை எதிர்ச் சக்கரத்தின் வேரில் போய் முட்டும். இப்படி முட்டிய ஓர் இயந்திரத்தைப் பிரித்தபோது பற்களின் பக்கங்கள் புதிதுபோல இருந்தன, முனைகள் மட்டும் மழுங்கியிருந்தன. அந்தச் சக்கரத்தை உலர்த்தி அளந்தவர்கள் வரைபடத்தின்படி எல்லாம் சரியாக இருப்பதாகவே அறிக்கை எழுதினார்கள்.

எனவே கணக்கை இரு முனைகளிலும் போடுங்கள். மிகச் சூடான, ஈரமான நிலையில், பெரிய சக்கரமும் சிறிய மைய தூரமும் சேர்ந்தபோதும் பேக்லாஷ் சுழியத்துக்கு மேல் இருக்க வேண்டும். மிகக் குளிர்ந்த, உலர்ந்த நிலையில், சிறிய சக்கரமும் பெரிய மைய தூரமும் சேர்ந்தபோது பற்களின் தொடர்பு விகிதம் (ஒரே நேரத்தில் சராசரியாக எத்தனை பல் இணைகள் தொட்டிருக்கின்றன என்பது) ஒன்றுக்குக் கீழே போகக் கூடாது; 1.2-க்கு மேல் இருந்தால் நிம்மதி. நம் இணையின் தொடர்பு விகிதம் பெயரளவில் 1.67 என்பதால் குளிரில் கவலை இல்லை. பற்கள் குறைந்த இணைகளில் இந்த முனையே பிடியை இறுக்கும்.

தேவையான பேக்லாஷை மைய தூரத்தைக் கூட்டிப் பெறுவதா, பல்லை மெலிதாக்கிப் பெறுவதா? மைய தூரத்தைக் கூட்டினால் முனை இடைவெளியும் கூடவே கிடைக்கிறது, பிளாஸ்டிக் பல்லின் தடிமனும் குறையாது. கூடு இன்னும் வரைபடத்தில்தான் இருக்கிறது என்றால் அதையே செய்யுங்கள். கூடு ஏற்கெனவே செய்தாகிவிட்டது என்றால் எஃகுப் பல்லை மெலிதாக்குங்கள்.

7. சக்கரத்தின் உடலும் தண்டுப் பிணைப்பும்

பல்லுக்குக் கீழே இருக்கும் விளிம்பு, நடுத்தட்டு, ஹப் (தண்டு செருகும் நடுப்பகுதி) ஆகியவற்றின் தடிமன் ஒன்றோடொன்று அதிகம் மாறுபடக் கூடாது. தடித்த இடம் மெதுவாகக் குளிரும், அதிகம் சுருங்கும், பக்கத்திலுள்ள மெல்லிய இடத்தைத் தன் பக்கம் இழுக்கும். இடைவட்டப் பல் தடிமனின் 1.25 மடங்கை விளிம்புக்கும் நடுத்தட்டுக்கும் தொடக்க அளவாக எடுக்கலாம். நம் சக்கரத்துக்கு அது சுமார் 2 மி.மீ.

உறுதிக்காக ஆரத் திசையில் ரிப்புகளைச் சேர்ப்பவர்கள், ஒவ்வொரு ரிப்பும் விளிம்பைத் தொடும் இடத்தில் பற்கள் உள்ளே இழுக்கப்படுவதை அளந்து பார்த்தால் ஒப்புக்கொள்வார்கள். ஆறு ரிப்பு என்றால் சக்கரம் அறுகோணத்தின் சாயலைப் பெறும். எடையைக் குறைக்க நடுத்தட்டில் போடும் துளைகளும் அதே கேட்டைத் தருகின்றன. துளைகளைச் சுற்றி வந்து சேரும் பிளாஸ்டிக், வலிமை குறைந்த இணைப்புக் கோட்டையும் விட்டுச் செல்கிறது. முடிந்தவரை தட்டையான, துளையற்ற தட்டாக விடுங்கள்.

தண்டுப் பிணைப்பில் இறுக்கிச் செருகும் முறையை மட்டும் நம்ப வேண்டாம். நெடுநாள் இறுக்கத்தில் பிளாஸ்டிக் தளர்ந்துகொடுக்கும், சூடேறும்போது எஃகுத் தண்டைவிட அதிகம் விரிந்து பிடியை விடும். சிறு முறுக்குவிசைக்கு ‘டி’ வடிவத் தண்டு போதும். பெரியதற்குப் பல பற்களுள்ள ஸ்பிளைன் அல்லது அச்சிலேயே வைத்து வார்த்த உலோக இன்செர்ட் பொருந்தும். தண்டையும் சக்கரத்தையும் பூட்டும் ஒற்றைச் சாவி போட்டே ஆக வேண்டுமானால் அதன் பள்ளத்தின் மூலைகளை வளைத்துவிடுங்கள், இல்லையேல் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

8. செய்முறைக்கேற்ற வடிவமைப்பு

சில பத்துச் சக்கரங்கள்தான் தேவை என்றால் கம்பியிலிருந்து கடைந்து, ஹாப்பிங் முறையில் பல் வெட்டுவது போதும். வெட்டும் முன் பொருளின் உள்தகைவைச் சூடாக்கி ஆற்றித் தணிக்க வேண்டும். அசிட்டால் ஹோமோபாலிமர் கம்பியின் நடுவில் நுண்துளைகள் இருப்பது வழக்கம் என்பதால், நடுப்பகுதி துளையாகப் போகும் வடிவமே பாதுகாப்பானது.

ஆயிரக்கணக்கில் என்றால் அச்சு. அதில் முதல் கேள்வி பிளாஸ்டிக் எந்த வழியாக உள்ளே வருகிறது என்பது. விளிம்பில் ஒரே கேட் (பிளாஸ்டிக் நுழையும் வாய்) வைத்தால் சக்கரம் முட்டை வடிவாகும். ஹப்பைச் சுற்றிச் சம தூரத்தில் மூன்று கேட்டுகள் வைத்தால் மூன்று மெல்லிய மேடுகள் மிஞ்சும். பல வேலைகளுக்கு அது ஏற்கத்தக்கது. ஹப்பின் துளை முழுவதையும் மூடியபடி வட்டத் தட்டாக நிரப்பும் கேட் மிகச் சிறந்த வட்டத்தைத் தரும், ஆனால் அதைப் பிறகு வெட்டி நீக்க ஒரு வேலை கூடும். எது வேண்டும் என்பதை வடிவமைப்பவரே சொல்ல வேண்டும். அச்சு செய்பவரிடம் விட்டுவிட்டால், அவர் அச்சுக்கு எளிதானதையே தேர்ந்தெடுப்பார்.

சுருக்கக் கணக்கில் இரு நுட்பமான தவறுகள் உண்டு. சுருக்கம் என்பது அச்சின் அளவை அடிப்படையாகக் கொண்ட விகிதம். 62 மி.மீ. முனை விட்டத்துக்கு 2 விழுக்காடு சுருக்கம் என்றால் 62-ஐ 0.98-ஆல் வகுக்க வேண்டும், வருவது 63.27. 1.02-ஆல் பெருக்கினால் 63.24. இந்த 0.03 மி.மீ. சிறிதாகத் தெரிந்தாலும் ஆறாம் படியில் நாம் எண்ணி வைத்த இடைவெளியிலிருந்துதான் வருகிறது. இரண்டாவது, பல்லின் வடிவமும் சேர்ந்தே சுருங்குகிறது. அச்சின் குழிவை, அழுத்தக் கோணம் 20 டிகிரியாகவே இருக்க, மாட்யூல் 1.0204 உள்ள சக்கரமாக வரைய வேண்டும். மாட்யூல் 1-இன் பல்லை அப்படியே பெரிய வட்டத்தில் வைத்தால் வார்த்தெடுத்த பல்லின் வளைவு தவறாகவே வரும்.

உற்பத்தி வேகத்துக்காக அச்சைக் குளிர்வாக வைப்பார்கள். அசிட்டாலுக்கு அச்சு 90 டிகிரி அளவில் இருந்தால்தான் படிகமாதல் உள்ளேயே பெரும்பாலும் முடியும். குளிர்ந்த அச்சில் முடியாமல் விட்ட சுருக்கத்தைச் சக்கரம் பிறகு, இயந்திரத்துக்குள் சூடேறும்போது முடித்துக்கொள்ளும். அச்சின் வெப்பநிலையை வரைபடத்திலேயே குறித்துவிடுவது என் வழக்கம்.

9. வரைபடமும் அளவிடுதலும்

எஃகுச் சக்கரத்துக்கு எழுதும் ஐ.எஸ்.ஓ. 1328 தர எண்ணை அப்படியே பிளாஸ்டிக்குக்கு நகலெடுக்காதீர்கள். வார்த்த சக்கரத்தால் அதை எட்ட முடியாது. எட்ட முடியாத எண்ணை எழுதினால், எந்த விலகல் உண்மையில் முக்கியம் என்பது அச்சு செய்பவருக்குத் தெரியாமல் போகும். பல் தடிமனின் மேல், கீழ் எல்லைகளையும், இரு பக்கமும் தொட்டுச் சுழற்றி அளக்கும் மொத்த ஆரத் திசை விலகலையும் எழுதுங்கள். பேக்லாஷ் கணக்குக்கு நேராக உதவுபவை இவை இரண்டும்தான்.

எந்த நிலையில் அளப்பது என்பதும் வரைபடத்தில் இருக்க வேண்டும்: 23 டிகிரி, 50 விழுக்காடு ஈரப்பதம், அச்சிலிருந்து எடுத்துக் குறைந்தது 24 மணி நேரம் கழித்து. நைலான் அந்த ஈரச் சமநிலையை எட்ட இன்னும் நெடுநாள் ஆகும் என்பதால் அதற்கு உலர்நிலை அளவையும் தனியே குறிக்கலாம். அளக்கும் கருவி பல்லை அழுத்திவிடாமல் பார்க்க வேண்டும். சுழற்றி அளக்கும் கருவியின் வில் விசையை எஃகுக்கு வைத்ததிலிருந்து நன்றாகக் குறையுங்கள்.

10. சோதனையும் பழுதைப் படித்தலும்

கடைந்த மாதிரியையோ முப்பரிமாண அச்சில் எடுத்த மாதிரியையோ கொண்டு பொருத்தத்தைப் பார்க்கலாம், ஆயுளைப் பார்க்க முடியாது. வார்க்கும்போது உண்டாகும் மேற்தோல், இழைத் திசை, இணைப்புக் கோடுகள் எதுவும் அவற்றில் இல்லை. ஆயுள் சோதனைக்கு உண்மையான அச்சிலிருந்து வந்த சக்கரங்களே வேண்டும்.

விரைவாக முடிக்க வேகத்தைக் கூட்டிச் சோதிப்பவர்கள் வேறொரு பழுதைத்தான் காண்பார்கள். வேகம் கூடினால் வெப்பம் கூடும். வேரில் அயர்வால் முறிய வேண்டிய பல் பக்கங்களில் உருகிப் போகும். வேகத்தை அப்படியே விட்டு, சுமையைச் சிறிது கூட்டி, பல்லின் வெப்பநிலையை அகச்சிவப்புக் கருவியால் தொடர்ந்து பதிந்துகொள்ளுங்கள். ஐந்தாம் படியில் மதிப்பிட்ட வெப்பநிலையோடு அது ஒத்துப்போகவில்லை என்றால் அந்தக் கணக்கைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

பழுதான சக்கரத்தைத் தூக்கி எறியும் முன் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். சுமையேறும் பக்கத்தின் வேரில் சுத்தமான விரிசல் என்றால் தகைவோ வேர் வளைவோ காரணம். நான்காம் படிக்குத் திரும்புங்கள். இடைவட்டத்தை ஒட்டி உருகிய, பளபளப்பான பட்டை என்றால் வெப்பம்; எதிர்ச் சக்கரத்தையும் மசகையும் பாருங்கள். பல்லின் இரு பக்கமும் தேய்ந்திருந்தால், சக்கரம் ஒரே திசையில் மட்டும் ஓடுவதாக இருந்தால், பேக்லாஷ் தீர்ந்துபோயிருக்கிறது. எதிர்ப் பல்லின் வேர் அருகே கோடு கிழித்ததுபோல் ஒரு தடம் என்றால் முனைத் தளர்வு போதவில்லை. விரிசல்கள் எப்போதும் அதே மூன்று பற்களில் வருகின்றன என்றால், அவை கேட்டுகளுக்கு நடுவிலுள்ள இணைப்புக் கோடுகளில் அமைந்த பற்களா என்று எண்ணிப் பாருங்கள்.

சோதனைக்குப் பிறகு பொருளை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்ற எண்ணம் வரும். இழை சேர்த்த வகைக்கோ அசிட்டாலிலிருந்து நைலானுக்கோ மாறினால் சுருக்க விகிதம் மாறிவிடும். பழைய அச்சில் வார்த்த புதிய சக்கரம் அளவிலேயே வேறாக இருக்கும் என்பதால், அதை இயந்திரத்தில் மாட்டும் முன் ஒன்பதாம் படிப்படி அளந்து, ஆறாம் படியின் கணக்கை அந்த அளவுகளைக் கொண்டு மறுபடியும் போட்டுப் பார்க்க வேண்டும்.